மறையும் மீன் சொல்லும் செய்தி

கடலூரில் வாழ்பவர்களுக்குத் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையை நான் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. நிலவில்லாத இரவில் அங்கே மணலில் அமர்ந்து கிழக்கே நோக்கினால், நெடுந்தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் ஒன்றின் விளக்கு சிறு புள்ளியாகத் தெரியக்கூடும். அதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கையில் அந்தப் புள்ளி திடீரென மறைகிறது. இரண்டு மூன்று விநாடி கழிந்ததும் மீண்டும் தோன்றுகிறது. கப்பல் விளக்கு அணையவில்லை. அதற்கும் நமக்கும் இடையே விளக்கேற்றாத படகு ஒன்று கடந்து சென்றிருக்கிறது. படகை நாம் காணவில்லை. ஆயினும் அது சென்றதை அறிந்துகொண்டோம். அதன் வேகம் இன்னதென்று தெரிந்தால், விளக்கு மறைந்திருந்த நேரத்தைக் கொண்டு படகின் நீளத்தையும் கணக்கிட்டுவிடலாம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் இதுவே. கடலுக்குப் பதிலாக வானம். கப்பல் விளக்குக்குப் பதிலாக ஒரு விண்மீன். படகுக்குப் பதிலாகச் சூரிய குடும்பத்தின் எல்லைப்புறத்தில் உலவும் ஒரு பனிக்கோளம். அக்கோளம் விண்மீனுக்கு முன்னே கடந்து செல்லும்போது மீன் சிறிது நேரம் மறைகிறது. வான நூலார் இந்நிகழ்ச்சியை 'மறைப்பு' என்பர். கிரகணம் என்பதும் ஒருவகை மறைப்பே. அது சூரியனைச் சந்திரன் மறைப்பது. நாம் பேசப்போவது அதைவிட மிகச் சிறியது. ஆனால் அது தரும் செய்தி பெரிது.

நெப்டியூனுக்கு அப்பால் எண்ணற்ற பனிக்கோளங்கள் சூரியனைச் சுற்றி வருகின்றன. அவற்றுள் முதலில் நம் கண்ணுக்கு அகப்பட்டது புளூட்டோ. 1930-ஆம் ஆண்டில் கிளைட் டாம்பா என்ற அமெரிக்க இளைஞர் அதைக் கண்டுபிடித்தார். 1992-ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் கண்டறியப்பட்டன. நீர், மீத்தேன், நைட்ரஜன் முதலியன அங்குள்ள கடுங்குளிரில் பாறைபோல் உறைந்து கிடக்கின்றன. சூரிய குடும்பம் தோன்றிய காலத்தில் எஞ்சிய மூலப்பொருள்களை அவை பெரும்பாலும் மாறாமல் வைத்திருக்கின்றன. ஆகவேதான் அவற்றை அறிய விஞ்ஞானிகள் இத்துணை ஆவல் கொள்கிறார்கள்.

ஆனால் அவற்றைப் பார்ப்பது எளிதன்று. 2014-ஆம் ஆண்டில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியால் கண்டறியப்பட்ட அரோகாத் என்னும் கோளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் ஏறத்தாழ 36 கிலோமீட்டர். நம்மிடமிருந்து அதன் தொலைவோ 650 கோடி கிலோமீட்டர் அளவினது. கடலூரில் நின்றுகொண்டு டில்லியில் ஒருவர் உள்ளங்கையில் வைத்திருக்கும் புளியங்கொட்டையின் வடிவத்தை அறிய முயல்வது எப்படியோ, அப்படித்தான் அரோகாத்தின் வடிவத்தை இங்கிருந்து அறிய முயல்வதும். எத்துணைப் பெரிய தொலைநோக்கியில் நோக்கினாலும் அது ஒரு மங்கிய புள்ளியே. அந்தப் புள்ளியின் நீளம், அகலம், உருவம் ஆகியவற்றை அறியப் பூமியில் இருப்பவர்களுக்குக் கைகொடுக்கும் வழி மறைப்புதான்.

இனி நிழலைப் பற்றிச் சற்று எண்ணிப் பாருங்கள். விண்மீன் அளவிறந்த தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாகவே நம்மை வந்தடைகின்றன. இணைகதிர்களில் விழும் நிழல் பெருப்பதும் இல்லை, சிறுப்பதும் இல்லை. பனிக்கோளம் எத்தனை கிலோமீட்டர் அகலமோ, ஏறத்தாழ அத்தனை கிலோமீட்டர் அகலமுள்ள நிழல் பூமியின்மேல் விழுகிறது. அந்த நிழல் நிலையாக நிற்பதில்லை. பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பனிக்கோளமும் மெதுவாக நகர்கிறது. ஆகவே, சாதகமான காலத்தில் நிழலானது விநாடிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் நிலத்தின்மேல் பாய்ந்து செல்லும்.

அரோகாத்தைப் போன்ற ஒரு கோளத்தின் நிழல் நம் பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்கிலிருந்து கிழக்காகவோ, கிழக்கிலிருந்து மேற்காகவோ அது கடலூர் வழியே ஓடுகிறது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு உண்டு. நிழலின் நடுப்பகுதி கடலூரின்மேல் சென்றால், அங்கே உள்ளவர் மீன் ஓரிரு விநாடி மறைவதைக் காண்பார். சிதம்பரத்தில் அதே மீனை, அதே விநாடியில் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மீன் இமைகூடக் கொட்டாது. நிழலின் நடுப்பகுதி இரண்டுக்கும் இடையே புதுச்சத்திரத்தின்மேல் சென்றால், கடலூர்க்காரரும் சிதம்பரத்துக்காரரும் ஒன்றையும் காணாமல் போவதும் கூடும்.

ஆகவே ஒருவர் மட்டும் பார்ப்பது போதாது. கடலூரில் ஒருவர், ஆலப்பாக்கத்தில் ஒருவர், புதுச்சத்திரத்தில் ஒருவர், கிள்ளையில் ஒருவர், சிதம்பரத்தில் ஒருவர் எனத் தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்த வேண்டும். ஒவ்வொருவரும் மீன் மறைந்த நேரத்தையும் மீண்டும் தோன்றிய நேரத்தையும் நுட்பமாகக் குறிக்க வேண்டும். அந்நேரத்தை நிழலின் வேகத்தால் பெருக்கினால் ஒரு நீளம் கிடைக்கும். நீங்கள் வடிவ கணிதத்தில் வட்டத்தின் நாண் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த நீளம் பனிக்கோளத்தின் ஒரு நாண்தான். நான்கைந்து நாண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, அவற்றின் முனைகளை இணைத்தால், கோளத்தின் உருவமே தாளின்மேல் வந்துவிடும். எவருக்கு மீன் மறையவில்லையோ, அவருடைய குறிப்பும் பயனுடையது. கோளத்தின் எல்லை அவ்விடம்வரை எட்டவில்லை என்பதை அவரே சொல்கிறார்.

மறைப்பு மற்றொன்றையும் தெரிவிக்கிறது. கோளத்துக்குக் காற்று மண்டலம் இல்லையென்றால் மீன் பட்டென்று மறையும். மெல்லிய காற்றேனும் இருந்தால், அது மீனின் ஒளியை வளைத்துச் சிதறச் செய்யும். மீன் படிப்படியாக மங்கி மறைந்து, படிப்படியாகத் தெளியும். அந்த மங்கலின் போக்கை அளந்து, காற்றின் அழுத்தத்தையே கணக்கிடுகிறார்கள்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் கடலூரில் ஆசிரியனாக இருந்தேன். சிதம்பரத்தில் என் நண்பர் ஒருவரும் ஆசிரியராக இருந்தார். வளர்பிறை நாள் ஒன்றில் சந்திரன் ஒரு சிறு மீனை மறைக்கப்போவதை அறிந்து, இருவரும் அவரவர் ஊரிலிருந்தே பார்ப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். வானொலியில் செய்திக்கு முன் ஒலிக்கும் நேரக் குறிப்பைக் கேட்டுக் கைக்கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டோம். பள்ளியின் சிறு தொலைநோக்கியைச் சுற்றி நானும் மாணவர் ஐவரும் கூடினோம். சந்திரனின் இருண்ட விளிம்பு நெருங்க நெருங்க எங்களுக்கு மூச்சே நின்றுவிடும்போல் இருந்தது. மீன் மங்கவில்லை, பட்டென்று காணாமற்போனது. சந்திரனில் காற்று இல்லை என்று பாடத்தில் படித்ததை அன்று கண்ணால் கண்டோம். நேரத்தைக் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதினேன்.

மூன்றாம் நாள் நண்பரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. அவர் குறித்த நேரத்துக்கும் என் நேரத்துக்கும் 31 விநாடி வேறுபாடு. நண்பர் என்னைவிட அனுபவம் மிக்கவர். கணக்கில் பிழை விடாதவர். ஆகவே பிழை என்னுடையதே என்று முடிவு செய்தேன். இரப்பரை எடுத்து என் எண்ணை அழித்துவிட்டு, அவருடைய எண்ணையே அங்கே எழுதினேன். மறுநாள் குறிப்பேட்டைப் புரட்டிய மாணவன் ஒருவன், "சார், நாம் பார்த்த நேரம் இது இல்லையே!" என்றான். நான் அவனுக்கு ஏதோ சமாதானம் சொன்னேன். அவன் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அவன் முகம் தெளியவும் இல்லை. அந்த முகம் அன்றிரவு என்னை உறங்க விடவில்லை.

நடந்ததை மறைக்காமல் நண்பருக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது: "உங்கள் எண்ணைத் திருத்தியது தவறு. நாம் இருவரும் ஒரே இடத்தில் நிற்கவில்லையே! இங்கிருந்து பார்க்கும்போது சந்திரனின் விளிம்பில் வேறொரு புள்ளியல்லவா மீனைத் தொடும்? நேரம் வேறுபட்டால்தான் நாம் இருவரும் சரியாகப் பார்த்திருக்கிறோம் என்று பொருள்." எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. நல்ல வேளையாக, பென்சிலின் தடம் தாளில் பதிந்திருந்தது. அந்த மாணவனையே அழைத்து, பழைய எண்ணை மையால் எழுதச் சொன்னேன். பிழை என்று நான் அழித்த 31 விநாடிதான் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் உள்ள தொலைவு வானத்தில் இட்ட கையொப்பம்.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்குச் சிறப்பான இடம் உண்டு. கடலூரிலிருந்து வடமேற்கே, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. வானநூல் அறிஞர் வைணு பாப்புவின் முயற்சியால் அங்கே வானாய்வுக்கூடம் எழுந்தது. 1972-ஆம் ஆண்டில் ஒரு மீட்டர் குறுக்களவுள்ள தொலைநோக்கி அங்கே நிறுவப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 7-ஆம் நாள், வியாழனின் பனிபடர்ந்த துணைக்கோளான கானிமீட் ஒரு மீனை மறைத்தது. காவலூரிலும், ஜாவாத் தீவிலுள்ள லெம்பாங்கிலும் அது அளக்கப்பட்டது. இரண்டு நாண்களைக் கொண்டு கானிமீடின் குறுக்களவு ஏறத்தாழ 5270 கிலோமீட்டர் என்று கணித்தார்கள். பின்னர் விண்கலங்கள் நெருங்கிச் சென்று அளந்ததும் ஏறத்தாழ அதுவே.

மீன் பட்டென்று மறையாமல் சற்றே நேரமெடுத்து மறைந்ததால், கானிமீடுக்கு மெல்லிய காற்று மண்டலம் உண்டென்றும் அப்போது அறிவித்தார்கள். ஆனால் 1979-ஆம் ஆண்டில் வாயேஜர் விண்கலம் ஆராய்ந்தபோது, காற்று இருந்தாலும் அது அவர்கள் கூறியதைவிடப் பன்மடங்கு மெல்லியது என்று தெரியவந்தது. அளவு நிலைத்தது, அதற்குக் கூறிய விளக்கங்களுள் ஒன்று திருத்தப்பட்டது.

ஐந்தாண்டுக்குப் பின், 1977 மார்ச் 10-ஆம் நாள், யுரேனஸ் கிரகம் ஒரு மீனை மறைக்கும் என்று கணிக்கப்பட்டிருந்தது. காவலூரில் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் அந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியுடன் காத்திருந்தனர். மீனின் ஒளி எதிர்பாராத வகையில் குறைந்து மீண்டதைக் கருவி பதிவு செய்தது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கலாம் என்று கருதி அவர்கள் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே இரவில் எலியட் என்பவரும் அவருடைய தோழர்களும் விமானத்தில் ஏற்றிய தொலைநோக்கி மூலம் இந்துமாக் கடலின் மேலிருந்து பார்த்தார்கள். கிரகம் மறைக்க வேண்டிய நேரத்துக்கு அரை மணிக்கும் முன்னதாகவே ஒளி பலமுறை குறைந்தது. கிரகத்தின் மறுபக்கத்திலும் அவ்வாறே குறைந்தது. இவ்விடங்களில் பெற்ற பதிவுகளை ஒப்பிட்டபோது, யுரேனஸைச் சுற்றி மெல்லிய வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரிந்தது. காவலூரில் கண்ட மங்கல் துணைக்கோளால் அன்று, வளையத்தால் நேர்ந்தது. அவர்கள் தாம் கண்டதைக் கண்டவாறே பதிந்து வைத்ததால், விளக்கம் மாறியபோதும் அந்தப் பதிவு மதிப்பிழக்கவில்லை.

இனி புளூட்டோவுக்கு வருவோம். 1988 ஜூன் 9-ஆம் நாள் புளூட்டோ ஒரு மீனை மறைத்தபோது அம்மீன் படிப்படியாக மங்கியது. அதனால் புளூட்டோவுக்குக் காற்று மண்டலம் உண்டென்பது உறுதியாயிற்று. 1989-ஆம் ஆண்டில் புளூட்டோ தன் பாதையில் சூரியனுக்கு மிக நெருங்கிய இடத்தை அடைந்து, அதன்பின் விலகிச் செல்லத் தொடங்கியது. விலக விலகக் குளிர் மிகும். காற்று உறைந்து பனியாக விழும். அழுத்தம் குறையும் என்று நாம் எதிர்பார்க்கலாம். ஆனால் மறைப்புகள் வேறொன்றைக் கூறின. 1988-க்கும் 2015-க்கும் இடையே அழுத்தம் ஏறத்தாழ மூன்று மடங்காகப் பெருகியிருந்தது! புளூட்டோவில் பரந்து கிடக்கும் நைட்ரஜன் பனிவெளிதான் இதற்குக் காரணம் என்று கூறுகிறார்கள். நண்பகலுக்குப் பின்னரே வெயில் கொடுமை மிகுவதை நாம் அறிவோம் அல்லவா? அதுபோலப் பனிவெளியும் தாமதமாகவே சூட்டை வெளிக்காட்டுகிறது.

2020 ஜூன் 6-ஆம் நாள் புளூட்டோ மீண்டும் ஒரு மீனை மறைத்தது. இம்முறை நம் நாட்டில், உத்தராகண்டில் நைனிதாலுக்கு அருகேயுள்ள தேவஸ்தலில், 3.6 மீட்டர், 1.3 மீட்டர் குறுக்களவுள்ள இரு தொலைநோக்கிகள் அதை அளந்தன. புளூட்டோவின் தரையில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் நாம் உணரும் அழுத்தத்தில் எண்பதாயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவே என்று கணித்தார்கள். 2015-ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து அழுத்தம் பெருகாமல் ஒரே நிலையில் நின்றிருந்ததையும் அறிந்தார்கள். நானூறு கோடி கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஓர் உலகின் காற்றை, இமயத்தின் சாரலில் இருந்தபடியே நிறுத்துப் பார்த்துவிட்டார்கள்!

அரோகாத்தின் கதையோ இன்னும் சுவையானது. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அதை நோக்கிச் சென்றுகொண்டிருந்த நேரம். அதன் உருவத்தை முன்கூட்டியே அறிய வேண்டியிருந்தது. 2017 ஜூன் 3-ஆம் நாள் அர்ஜென்டினாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தொலைநோக்கிகளை நிறுத்தினார்கள். ஒருவருக்கும் மீன் மறையவில்லை. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. ஜூலை 17-ஆம் நாள் அர்ஜென்டினாவின் தென்பகுதியில் 24 தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள். கடுங்குளிர், பலத்த காற்று. அவ்வூர் மக்கள் தங்கள் லாரிகளைத் தொலைநோக்கிகளுக்குக் காற்றுத் தடுப்பாக நிறுத்தினார்கள். தெரு விளக்குகளை அணைத்தார்கள். நெடுஞ்சாலையையே இரண்டு மணி நேரம் மூடி வைத்தார்கள். ஐந்து தொலைநோக்கிகளில் மீன் ஒரு கணம் மறைந்தது. அந்த நாண்களை வரைந்து பார்த்தபோது, கோளம் உருண்டையாக இல்லை. நீண்டதாகவோ, இரண்டு உருண்டைகள் நெருங்கியதாகவோ இருக்கவேண்டும் என்று தெரிந்தது. 2019 ஜனவரி முதல் நாள் விண்கலம் அருகே சென்று படம் எடுத்தது. ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு உருண்டைகளே படத்தில் இருந்தன.

எல்லா முயற்சியும் இப்படிக் கைகூடும் என்று நான் சொல்லவில்லை. கடலூருக்கு வடக்கே அண்மையிலுள்ள புதுச்சேரியின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. சூரியனுக்கு முன்னே வெள்ளி கடந்து செல்வதைக் காண லெ ஜான்தீல் என்ற பிரெஞ்சு அறிஞர் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். 1761-ஆம் ஆண்டில் போரினால் அவர் கரையிறங்க முடியவில்லை. அன்று அவர் கடலில் இருந்தார். அடுத்த வாய்ப்புக்காக எட்டாண்டு கீழ்த்திசையிலேயே தங்கினார். 1769 ஜூனில் அந்த நாள் வந்தது. புதுச்சேரி வானத்தை மேகம் மூடிக்கொண்டது. அவர் ஒன்றும் காணவில்லை. ஆனால் உலகின் வேறு இடங்களில் கண்டவர்களின் அளவுகளைக் கொண்டு சூரியனின் தொலைவு கணிக்கப்பட்டது. ஒருவரின் வானம் மூடியிருந்தாலும் மற்றொருவரின் வானம் திறந்திருக்கலாம். பலர் சேர்ந்து பார்ப்பதன் பயன் அதுவே.

மாணவ நேயர்களே, இன்று விண்மீன்களின் இருப்பிடத்தை மிகத் துல்லியமாக அளந்த அட்டவணைகள் இருக்கின்றன. எந்த மீனை எந்தக் கோளம் எப்போது மறைக்கும், நிழல் எவ்வூர் வழியே செல்லும் என்பதையெல்லாம் முன்கூட்டியே கணிக்கிறார்கள். செயற்கைக் கோள்களிலிருந்து நுட்பமான நேரத்தையும் பெறலாம். ஆகவே பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு வெளியே, சிறிய தொலைநோக்கியும் காமிராவும் உடைய ஆர்வலர்களும் இந்தப் பணியில் பங்கு கொள்கிறார்கள். நிழல் உங்கள் ஊர் வழியே வரும்போது அந்த இடத்தில் இருப்பவர் நீங்கள்தாமே.

முதற்பயிற்சிக்குச் சந்திரனே போதும். வளர்பிறை நாட்களில் அதன் இருண்ட விளிம்பு முன்னே செல்லும். வழியில் உள்ள மீன்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே போகும். கடலூரில் உள்ளவர்கள் சிதம்பரத்தில் ஒரு தோழரைத் தேடிக்கொள்ளுங்கள். சிதம்பரத்தில் உள்ளவர்கள் கடலூரில் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே மீனைப் பாருங்கள். நேரத்தைக் குறிக்கும்போது மையால் எழுதுங்கள். தோழரின் எண் உங்கள் எண்ணோடு ஒத்துவராவிட்டால், அதை அழிக்காதீர்கள். ஏன் ஒத்துவரவில்லை என்று கேளுங்கள்.

அன்று என்னைக் கேட்ட மாணவனின் பெயரை இங்கே நான் சொல்லப்போவதில்லை. அந்தக் குறிப்பேடு மட்டும் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் அவன் கையெழுத்தில், மையினால் எழுதிய அந்த எண் அப்படியே இருக்கிறது.